காளியாயி தாய்வீடு போன பதினான்கு வாரம்

“காளியாயியைத் திருப்பிக் கொண்டு வாங்க, ஸார்.”

கையிலிருந்த பேனாவை மூடாமலேயே கண்மணி இதைச் சொன்னாள். ஞானவேல் ஜன்னலோரம் நின்றிருந்தார். ‘லலிதாங்கியின் கன்னங்கள்’ என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு, அவை எதைப் போல் சிவந்தன என்று யோசித்துக்கொண்டிருந்தார். போன வாரம் பிளம்ஸ் பழம் போல் சிவந்தாயிற்று. அதற்கு முந்தைய வாரம் மாலைச் சூரியன்.

“யாரைத் திருப்பிக் கொண்டு வரணும்?”

“காளியாயியை.”

“யாரும்மா அது? பாத்திரம் தேய்க்க வர்றவளா?”

பேனாவிலிருந்து ஒரு சொட்டு மை தாளில் விழுந்தது. கண்மணி அதை ஒற்றி எடுக்கவில்லை. ஒருத்தியைப் படைத்துவிட்டு அவள் பெயரையே மறந்துபோன ஆளிடம் எங்கிருந்து தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஞானவேலின் ‘இடிமார்பன்’ தொடர்கதை ஒரு வாரப் பத்திரிகையில் இருபத்து மூன்று வாரமாக வந்துகொண்டிருந்தது. மழை நாள் ஒன்றில், மின்சார இலாகா குமாஸ்தா சுதர்சனும் விறகு சுமக்கும் காளியாயியும் மலைக்காட்டில் ஒரே மரத்தடியில் ஒதுங்குகிறார்கள். மரத்தில் இடி விழுகிறது. இருவரும் சாகவில்லை. குமாஸ்தாவின் மார்பைத் துப்பாக்கிக் குண்டு துளைக்காது என்று ஆகிறது. காளியாயிக்கு எந்தப் பாரமும் பாரமில்லை என்று ஆகிறது. அவன் முகமூடி மாட்டிக்கொண்டு இடிமார்பன் ஆனான். அவளுக்கு முகமூடி தேவைப்படவில்லை. விறகுக்காரியின் முகத்தை யார் பார்க்கிறார்கள் என்று ஞானவேலே எழுதியிருந்தார். ஐந்தாவது வாரம், மலைப்பாதை வளைவில் பாதி அந்தரத்தில் தொங்கிய பஸ்ஸை அவள் தோள் கொடுத்துத் தாங்கினாள். இருபத்திரண்டு பேரும் இறங்கி முடிகிற வரைக்கும் அசையாமல் நின்றாள்.

ஏழாவது வாரம் லலிதாங்கி பட்டுக்குடையோடு காரில் வந்து இறங்கினாள். எஸ்டேட் முதலாளியின் மகள். ஒன்பதாவது வாரம் ஒரே ஒரு வரி வந்தது: ‘காளியாயி தன் தாய்வீடு சென்றிருந்தாள்.’ அத்தோடு சரி. அதற்குப் பிறகு இடிமார்பன் செய்த பெரிய சாகசம், லலிதாங்கியின் குடையை ஏரியிலிருந்து எடுத்துக் கொடுத்தது.

ஞானவேலுக்குச் சொந்த ஊர் பழனி. அடிவாரத்தில் அண்ணன் தம்பிகள் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தார்கள். இவர் மட்டும் மெட்ராஸ் போய் எழுத்தாளர் ஆனார். வருஷாவருஷம் சீசனுக்குக் கோடைக்கானலில் ஒரு பங்களாவை எடுத்துத் தங்குவார். இந்த வருஷம் வந்த இரண்டாம் நாளே குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார். கை முழங்கை வரைக்கும் மாவுக்கட்டில் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல எழுதி, நல்ல பிரதி எடுத்து, வியாழக்கிழமை தபாலில் சேர்க்க ஆள் வேண்டியிருந்தது. பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் வேலுமணி, தனக்கு அண்ணன் மகள் முறையாகும் கண்மணியைக் கூட்டிவந்து நிறுத்தினார். பூம்பாறைக்கும் அப்பால் மலைக்குள் இருக்கும் கூக்கால் கிராமத்தில் முதல் பி.ஏ. அவள்தான். மதுரையில் ஹாஸ்டலில் இருந்து படித்துவிட்டு, வேலைக்கு மனுப் போட்டு ஒரு வருஷமாகக் காத்திருந்தாள்.

முதல் நாளே வேலுமணி வாசற்படியில் நிறுத்திச் சொல்லிவிட்டார். “இந்தா பாரு தாயி. அவரு சொல்லுவாரு, நீ எழுதணும். அம்புட்டுத்தான் சோலி. கதையில அது ஏன், இது ஏன்னு வாயைத் தொறக்கப்படாது. அவளைக் கொண்டா, இவளைக் கொல்லுன்னு கேக்கவே கேக்காத. போன வருசம் ஒரு டைப்பிஸ்ட் ஐயா கேட்டாரு. மத்தியானமே பெட்டியைக் கட்டிட்டாரு.”

ஐந்து வாரம் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்குத்தான் திறந்தாள்.

“ஓ, அந்த விறகுக்காரி.” ஞானவேலுக்கு ஞாபகம் வந்துவிட்டது. “அவளைத்தான் தாய்வீட்டுக்கு அனுப்பிட்டேனே.”

“அவளுக்குக் கல்யாணமே ஆகலை ஸார். எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனா?”

ஞானவேல் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. மேஜை மேல் குவிந்து கிடந்த வாசகர் கடிதங்களை இடது கையால் தட்டிக் காட்டினார். “இதுல நூறு பேரு, கல்யாணம் எப்பன்னு கேக்குறாங்க. ஒருத்தர் முகூர்த்தமே குறிச்சு அனுப்பியிருக்கார். விறகுக்காரி எங்கேன்னு ஒருத்தரும் கேக்கலை.”

“கேக்கறவங்களுக்கு எழுதத் தெரியாது ஸார்.”

“அப்ப எனக்கு எப்படித் தெரியும்?” என்று சிரித்தார். பிறகு ஏதோ தோன்றியவர் போல நடக்க ஆரம்பித்தார். “நீ ஞாபகப்படுத்தினதும் நல்லதாப் போச்சு. அந்தப் பொண்ணை அந்தரத்துல விட்டுட்டோம். இந்த வாரமே முடிச்சிரலாம். எழுது. ‘அந்தக் கணத்தில் காளியாயி எங்கிருந்தோ ஓடி வந்தாள். லலிதாங்கியை நோக்கிப் பாய்ந்த குண்டைத் தன் நெஞ்சில் ஏந்தினாள். அம்மா, எங்க சாமியை நல்லாப் பாத்துக்குங்க என்று கூறி...’ என்ன, எழுதலையா?”

‘அந்தக் கணத்தில் காளியாயி எங்கிருந்தோ ஓடி வந்தாள்’ வரைக்கும் எழுதியிருந்தாள். அதற்கு மேல் கை போகவில்லை. அவளைத் திருப்பிக் கொண்டுவரக் கேட்டதற்குச் சாவைக் கொடுக்கிறார். வாயை மூடிக்கொண்டிருந்தால் தாய்வீட்டிலாவது இருந்திருப்பாள்.

அந்த நேரம் பார்த்து வேலுமணி ஒரு துணிமூட்டையும் பாட்டிலுமாக உள்ளே வந்தார்.

“பூம்பாறை லாரியில குடுத்து விட்டுருக்காகங்க. கூக்கால் பொம்பளைக. பூண்டும் மலைத்தேனும்.” சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தார். “டிரைவரு ஒரு சேதி சொன்னான். எனக்கு ஒண்ணும் வெளங்கலை. ராவெல்லாம் ஏரித் தண்ணிக்குள்ள நின்னவளுக்கு நெஞ்சுச் சளி கட்டியிருக்குமாம். பூண்டைச் சுட்டு, தேன்ல கொழச்சு, மூணு வேளை குடுக்கணும்னு கதை எழுதுறவருகிட்டச் சொல்லணுமாம். அடுத்த வாரம் மறக்காம எழுதிப்புடணுமாம்.”

“யாரு தண்ணிக்குள்ள நின்னது?”

“காளியாயின்னான்.”

ஞானவேல் கண்மணி பக்கம் திரும்பினார். கண்மணிக்குக் காது மடல் சுட்டது.

கூக்காலில் பூண்டுக் கொட்டகை ஒன்று உண்டு. பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, காய்ந்த பூண்டின் தண்டையும் வேரையும் கத்தியால் நறுக்கித் தரம் பிரிப்பார்கள். அங்கே ஒரு வழக்கம்: பத்திரிகை வாசிக்கிறவளுக்குக் கத்தி கிடையாது. அவள் பங்குப் பூண்டை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து நறுக்கிவிடுவார்கள். கண்மணி ஞாயிற்றுக்கிழமைதோறும் வாசித்தாள்; பங்களா வேலைக்கு வந்த பிறகும் அதற்காக ஊருக்குப் போய் வந்தாள். பஸ்ஸைத் தாங்கிய வாரத்தை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார்கள். ஒன்பதாவது வாரம் அந்த ஒற்றை வரி வந்ததும் அவள் ஒரு நிமிஷம் நிறுத்தினாள். வட்டத்தில் எல்லோரும் கத்தியை நிறுத்திவிட்டு அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்மணி தாளைப் பார்த்துக்கொண்டே தாளில் இல்லாததை வாசித்தாள்.

அன்று தொடங்கியது. அதற்குப் பிறகு லலிதாங்கியும் குடையும் கொட்டகைக்குள் வரவில்லை. மற்றபடி பதினான்கு வாரமும் காளியாயி ஓய்ந்து உட்காரவில்லை. அடுக்கம் பாதையில் உருண்ட பாறையை முதுகு கொடுத்து நிறுத்தினாள். எடையில் ஏமாற்றிய தரகனைத் தராசோடு தூக்கி மரத்தில் மாட்டினாள். கடைசி வாரம், உடைந்த ஏரிக்கரையை விடிய விடிய நெஞ்சால் அணைத்துக்கொண்டு நின்றாள். சளிக்கு மருந்து அதற்குத்தான்.

கண்மணி இதைச் சொல்லி முடித்ததும் ஞானவேல் நாற்காலியில் உட்கார்ந்தார். “ஆக, என் பேரைச் சொல்லி நீயா ஒரு கதை சொல்லியிருக்க. எழுத்துத் தெரியாத பொம்பளைகளை ஏமாத்தியிருக்க.”

மற்ற எதைச் சொல்லியிருந்தாலும் திருப்பிக் கொடுத்திருப்பாள். இது ராத்திரிப் படுக்கையில் அவளே தனக்குச் சொல்லிக்கொண்டதுதான். ஊரில் படித்தவள் ஒருத்தி. அந்த ஒருத்தியும் தாளில் இல்லாததை இருப்பதாக வாசித்தாள்.

“சரி, சொல்லு. வேற என்னதான் செஞ்சா அவ?”

குரல் மாறியிருந்தது. உண்மையாகவே கேட்கிறார் என்று தெரிந்தது. கண்மணி முதலில் மூன்றே வார்த்தையில் முடிக்கத்தான் பார்த்தாள். பிறகு டோலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் நிற்கவில்லை.

கூக்காலில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது. பஸ் பூம்பாறையோடு சரி. அதுவரைக்கும் டோலி கட்டித்தான் தூக்க வேண்டும். அடைமழை, தூக்க வந்த நாலு ஆம்பிளைகளுக்கும் சேற்றில் கால் நிற்கவில்லை. காளியாயி வருகிறாள். “வெலகுங்கப்பா” என்கிறாள். டோலியை அப்படியே தலையில் வைத்துக்கொள்கிறாள். பூம்பாறையில் நிற்காமல் கோடைக்கானல் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஓடுகிறாள். வழி நெடுக அந்தப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓடுகிறாள். ‘என்ன பேரு வைக்கப் போற? உங்க மாமியா பேரை வச்சிராத, அந்த நாக்கு இதுக்கும் வந்திரும்.’ பிள்ளை பிழைத்தது. தாயும் பிழைத்தாள்.

“அதைக் கேட்டுட்டு ராக்காயி அத்தை கத்தியைக் கீழ வச்சுருச்சு ஸார்” என்றாள் கண்மணி. “அது மக உசுரு அந்தப் பாதையிலதான் போச்சு. டோலியிலேயே. மூணு வருசமாச்சு. அத்தை அழுகலை. இன்னொரு வாட்டி வாசின்னுச்சு. நான் வாசிச்சேன். அதே வார்த்தையா வரணுமேன்னு பயந்துக்கிட்டே வாசிச்சேன்.”

வேலுமணி மூட்டையைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்தார். ஞானவேல் எழுந்து ஜன்னலுக்குப் போனார்.

“நல்லா இருக்கு” என்றார். “மழை, சேறு, டோலி. நல்லா இருக்கும்மா. பத்து வருஷமா எழுதுறேன், இது எனக்குத் தோணலை.”

கண்மணி வேறொரு தாளை எடுத்து முன்னால் வைத்தாள். அவளை அறியாமல் முதுகு நிமிர்ந்தது. தபாலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. கன்னத்தையும் குண்டையும் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து எழுதிவிடலாம்.

“எழுது” என்றார் ஞானவேல். நடையில் ஒரு வேகம் வந்திருந்தது. “‘கொட்டும் மழை. லலிதாங்கியின் மென்பாதம் வழுக்கிக் கணுக்கால் பிசகியது. டோலி தூக்குவோர் தயங்கி நின்றனர். விலகுங்கள் என்று ஒரு குரல் இடித்தது. இடிமார்பன் அந்த டோலியை மலர்க்கூடை போல்...’ பேச்சுக் கொடுத்துக்கிட்டே ஓடுறான், அது பிரமாதம். நமக்குப் பிறக்கப் போகிற குழந்தைக்கு என்ன பெயர் வைக்கலாம்னு கேக்குறான். அவ வெக்கப்படுறா. ஜனங்க விட மாட்டாங்க.” சற்று நின்றார். “உன் ஆளையும் விட்டுடலை. நீ கேட்டதுக்காக உயிரோட வச்சுக்கறேன். முன்னாடி அரிக்கேன் லைட்டைப் பிடிச்சுக்கிட்டுப் போகட்டும்.”

கண்மணி பேனாவை மூடினாள். மூடியை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி, மைக்கூட்டின் பக்கத்தில் வைத்தாள். தாள் வெறுமையாகக் கிடந்தது.

“என்ன?”

“நீங்க சொன்னது சரிதான் ஸார், அவங்களை ஏமாத்தினது. அதைப் போய்ச் சொல்லணும்.”

“இப்பவா? தபால் போகணும்.”

“வேற ஆள் பாத்துக்குங்க. கதைதான் உங்க காதுல விழுந்தாச்சே. எழுதத்தான் போறீங்க. எழுதுங்க. நான் கையால எழுத மாட்டேன்.” எழுந்து சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். “ராக்காயி அத்தை மக டோலியை எடுத்து ஒரு சுளுக்குக்குக் குடுத்துட்டீங்க ஸார்.”

ஞானவேல் மாவுக்கட்டுக் கையைத் தூக்கி ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அவள் வேலுமணியிடமிருந்து மூட்டையையும் தேன் பாட்டிலையும் வாங்கியிருந்தாள்.

“அது எனக்கு வந்ததும்மா” என்றார் அவர், கொஞ்சம் குழம்பிப் போய்.

“இல்லிங்க. காளியாயிக்கு வந்தது.”

வேலுமணி பின்னாலேயே படியிறங்கி வந்தார். “ஏத்தா, கூறு கீறு இருக்கா ஒனக்கு? ஒங்க அப்பன் சின்னச்சாமிக்கு நான் என்ன பதிலைச் சொல்லுவேன்?”

“நான் சொல்லிக்கிறேன் சித்தப்பா.”

“என்னத்தைச் சொல்லுவ?”

ஞானவேல் காளியாயி கையில் அரிக்கேன் லைட்டைக் கொடுத்தபோதே அதை அவள் முடிவு செய்துவிட்டாள். கொட்டகையில் உட்கார்ந்ததும் பத்திரிகையைக் கீழே வைத்துவிடுவாள். பதினான்கு வாரமாகத் தாளில் ஒரு குடைதான் இருந்தது, மற்றதெல்லாம் என் வாயில் வந்தது என்று சொல்வாள். ராக்காயி அத்தை முகத்தைப் பார்த்துச் சொல்வாள். அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ டோலி அச்சில் வரும், வேறொருத்தன் தூக்கியதாக வரும் என்பதையும் சொல்வாள். அவர்கள் கத்தியை நீட்டினால் வாங்கிக்கொண்டு தன் பங்குப் பூண்டைத் தானே நறுக்குவாள். சொல்லு என்றால் பதினைந்தாவது வாரத்தைச் சொல்வாள், தாள் இல்லாமல்.

“பஸ்ஸு போயிரும் சித்தப்பா” என்றாள்.

கேட்டைத் திறந்து, சாத்தாமல் நடந்தாள்.