பாகங்களுக்கு மட்டும்

நசுங்கிய கார்க் கதவின் இடுக்கில் கையை நுழைத்து, கிளவ் பாக்ஸைத் திறக்க முயன்றுகொண்டிருந்தாள் தாமரைச்செல்வி. அவள் கணவன் கிரீஷின் பாஸ்போர்ட் அதற்குள் இருந்தது. போன வாரம் லைசன்ஸ் புதுப்பிக்கப் போனவன் வண்டியிலேயே வைத்துவிட்டான். அஸ்தியை ஊருக்குக் கொண்டுபோக அது வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பகல் இரண்டு மணிக்குத் தகனம்.

டாலஸுக்கு வெளியே, விபத்தில் சிக்கிய வண்டிகளைக் கொண்டுவந்து போடும் யார்டு அது. அவளுடைய அண்ணன் கருப்பசாமி ஆபீஸ் அறையில் ஃபார்ம் நிரப்பிக்கொண்டிருந்தான். அடிபட்டு 'சால்வேஜ்' என்று முத்திரை விழுந்த கார்களை ஏலத்தில் எடுத்து, சரிசெய்து விற்பது அவனுடைய வார இறுதித் தொழில். இந்தக் காரையும் ஆறு மாதத்துக்கு முன் அவன்தான் தங்கை புருஷனுக்குக் கொடுத்தான். மூன்று நாளைக்கு முன் ஃப்ரீவேயில் நின்றுபோயிருந்த லாரியில் அது மோதியது.

தான் மட்டும் போய் வருவதாக அண்ணன் காலையில் இரண்டு முறை சொன்னான். அவள் கேட்கவில்லை. கிரீஷ் கடைசியாக உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

பாஸ்போர்ட்டோடு ஒரு மடித்த காகிதமும் வந்தது. வண்டியை மறுபடி ரோட்டில் விடுவதற்காக, சரிசெய்தவர் மாநில அரசுக்கு எழுதிக்கொடுத்த அறிக்கையின் நகல். மாற்றியவை: பம்பர், ரேடியேட்டர், டிரைவர் ஏர்பேக். கீழே அண்ணனின் கையெழுத்து.

அவள் ஸ்டீயரிங்கைப் பார்த்தாள். நடுவில் மூடி பிளந்திருந்தது. ஏர்பேக் இருக்க வேண்டிய குழியில் சிவப்புத் துடைப்புத் துணிகள் திணிக்கப்பட்டிருந்தன. ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, கிரீஸ் வாடையுடன் வந்துகொண்டே இருந்தன.

ஏர்பேக் விரியவில்லையா என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டிருந்தார். சில சமயம் அப்படி ஆவதுண்டு என்று அண்ணன்தான் பதில் சொன்னான்.

ஃபார்மோடு வந்த கருப்பசாமி, அவள் கையிலிருந்த துணியைப் பார்த்து நின்றான்.

"பார்ட் வர லேட் ஆச்சு தாமரை. மாப்ளைக்கு வண்டி அவசரமா வேணும்னாரு. வந்ததும் மாட்டிடலாம்னு இருந்தேன்."

"ஆறு மாசமாவாண்ணா?"

அவன் ஃபார்மைப் பார்த்துக்கொண்டு பேசினான். இனி சரிசெய்ய முடியாது என்று எழுதிக்கொடுத்துவிட்டால் இந்த வண்டிக்கு எந்தக் காலத்திலும் ரோடு கிடையாது; பாகங்களுக்கு மட்டும்தான். இன்றைக்கே கழற்றிவிடுவார்கள். கிரீஷின் மனைவி என்ற முறையில் அவள் கையெழுத்து வேண்டும்.

"அவருக்குத் தெரியுமா?" என்றாள்.

அவன் ஃபார்மை அவள் பக்கம் நீட்டினான். வழி சொல்கிறவன் போல நிதானமாகச் சொன்னான்:

"போலீஸ்ல சொல்லணும்னா சொல்லு. என்னை உள்ள வெச்சிருவாங்க. உன் விசா மாப்ளையோட போச்சு. நீயும் குழந்தையும் நாளைக்கு யார் வீட்ல இருப்பீங்க?"

தூரத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஒன்று ஒரு வேனைத் தூக்கி இன்னொன்றின் மேல் வைத்தது.

எழுதுவதற்குச் சமமாக எந்த இடமும் இல்லை. கருப்பசாமி திரும்பி, முன்னால் குனிந்தான். அவன் முதுகில் காகிதத்தை வைத்து அவள் கையெழுத்துப் போட்டாள். சட்டை வேர்வையில் நனைந்திருந்ததால் பேனா இரண்டு முறை வழுக்கியது.

இரண்டு மணிக்குத் தகனத்துக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். மைத்துனனுக்காக இவ்வளவு ஓடுகிற ஆளைப் பார்த்ததில்லை என்று கிரீஷின் ஆபீஸ் நண்பர்கள் அவள் காதுபடப் பேசிக்கொண்டார்கள். பெட்டி உலைக்குள் போன பிறகு, பிள்ளைதான் பட்டனை அழுத்த வேண்டும் என்றார் சாஸ்திரிகள். மகள் அதிதிக்கு நாலு வயது. கை எட்டவில்லை. கருப்பசாமி அவளைத் தூக்கிக்கொண்டு, பிஞ்சு விரலைப் பிடித்துப் பச்சைப் பட்டன்மேல் வைத்து அழுத்தினான். சுவருக்குப் பின்னால் இரைச்சல் எழுந்தது.

"கேன் ஐ டூ இட் அகெய்ன், மாமா?" என்றாள் குழந்தை.

தாமரைச்செல்வி அவளை வாங்கிக்கொள்ளக் கைகளை நீட்டினாள். அதிதி முகத்தைத் திருப்பி, மாமாவின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.