இருநூற்றுப் பதினேழு சாமான்களும் பரணில் இருந்தவையும்

ஐப்பசிப் பௌர்ணமியன்று காலை பத்து மணிக்கு வாசலில் வைக்கப்பட்ட மூன்று சாக்குகளில் இருந்த இருநூற்றுப் பதினேழு சாமான்களும் மலையைச் சுற்றிவிட்டு, மறுநாள் காலை ஆறரை மணிக்குத் திரௌபதியின் வீட்டுக்குத் திரும்பி வந்தன. பிடி உடைந்த தோசைக்கல் முதலில் வந்தது. அதன் பின்னால் இட்லிக் குண்டானும், மூடி இல்லாத டப்பாக்களும், டப்பா இல்லாத மூடிகளும், பிரியாணிக் கடையில் பார்சல் கட்டிக் கொடுத்த கறுப்புப் பெட்டிகளும் வரிசை கலையாமல் வந்தன. எல்லாவற்றின் நெற்றியிலும் திருநீறு இருந்தது. நெற்றி எது என்று தெரியாதவற்றுக்கு அடியில் பூசியிருந்தது. பதினான்கு கிலோமீட்டர் நடந்ததில் தோசைக்கல் ஒரு பக்கம் கொஞ்சம் தேய்ந்திருந்தது. அன்றைக்குத் தக்காளி கிலோ நாற்பது ரூபாய்க்கு விற்றது. மழை இல்லை.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டியிருந்த அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். திரௌபதி வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் பதிவறையில் வேலை பார்த்தாள். அவளிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் டீ ஆறிவிடும் என்று ஆபீசில் சொல்வார்கள். அவள் கணவன் குமரேசன் கீழ்பென்னாத்தூர்க்காரன். சொந்தமாகக் குட்டியானை வண்டி வைத்து லோடு அடித்தான். எதையும் தூக்கிப் போடாத ஆள். காலி பாட்டிலோ அறுந்த கயிறோ கையில் கிடைத்தால், ஆகும் என்று ஒரு வார்த்தை சொல்லி சமையலறையில் செருகிவிடுவான். அவர்களுடைய ஒரே மகள் இனியாவுக்கு ஒன்பது வயது. அவளுக்கு மூச்சிரைப்பு இருந்தது. மழைக்காலம் வந்தால் மார்புக்குள் யாரோ விசில் ஊதுகிற மாதிரி சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி திரௌபதி உட்கார்ந்திருந்த இரவுகள் நான்கு வருஷங்களில் சேர்ந்து போயிருந்தன. டவுனில் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா மருந்து எழுதுவதற்கு முன்னால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் சமையலறையில் கரப்பான் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்ல திரௌபதிக்கு வெகுநேரம் ஆனது. அப்படியானால் முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள், வேண்டாத சாமானை வெளியே போடுங்கள், நான் கொடுக்கிற மருந்து அதற்கு அப்புறம்தான் என்றார் டாக்டரம்மா.

அதனால்தான் அவள் ஒரு நாள் லீவு போட்டு மூன்று சாக்கு நிறையக் கட்டினாள். பௌர்ணமியன்று வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள், குப்பை வண்டியும் வராது என்பது கட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. இருக்கட்டும், நாளைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று பாதையோரத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். எதிர்ப்புறம் எலுமிச்சை ஜூசும் சுக்குக் காப்பியும் விற்கிற ராஜம்மாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை சாமான்கள் கேட்டுக்கு வெளியே நிற்க, திரௌபதி கேட்டுக்கு உள்ளே நிற்க, ராஜம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

“பௌர்ணமி அன்னிக்கு எடுத்து ரோட்டுல வச்சா இன்னா பண்ணும்? ஊரே நடக்குது, அதுங்களும் நடந்துச்சு. இந்த வூட்ட உட்டா எங்க போவும்? உள்ள வுடும்மா, பாவம், கால் வலிக்கும்.”

திரௌபதி கேட்டைத் திறக்கவில்லை. மறுபடி சாக்கில் கட்டி, குமரேசனின் வண்டியிலேயே ஏற்றி, டவுனில் பழைய சாமான் கடையில் போட்டுவிட்டு வந்தாள். கார்த்திகைத் தீபத்தன்று கூட்டம் ஜாஸ்தி என்பதால் அவை இரண்டு நாள் தாமதமாக வந்தன. உடம்பெல்லாம் நெய்ப் புகை. மார்கழியில் குமரேசன் அவற்றைக் கீழ்பென்னாத்தூரில் தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டான். அக்காவுக்கு இட்லிக் குண்டான் பிடித்துப்போனது. இருபது நாள் அதில் இட்லி ஊற்றினாள். பௌர்ணமியன்று காலை இட்லி வெந்துகொண்டிருக்கும்போதே குண்டான் அடுப்பிலிருந்து இறங்கிப் புறப்பட்டுவிட்டது. முதலில் பாதைக்கு வந்து, ஒரு சுற்று முடித்து, மறுநாள் அது இங்கே வந்து சேர்ந்தபோது உள்ளே பதினாறு இட்லிகளும் சூடாகவே இருந்தன. அக்கா போன் செய்தாள். “ஒன் சாமானும் ஒன்ன மாதிரியே இருக்குது திரௌபதி. ஒரு வார்த்த பேசல. சொல்லாம கொள்ளாம கெளம்பிடுச்சு.”

தை மாதம் திரௌபதி கேட்டைத் திறந்துவிட்டாள். உள்ளே வந்தவற்றை எடுத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. அவை சுத்தமாக இருந்தன. நாலு சுற்றில் பாதை அவற்றைத் தேய்த்துக் கழுவிவிட்டிருந்தது. டப்பாக்களின் மூலையில் ஒட்டியிருந்த பழைய மஞ்சள் தூள் இல்லை, பிசுக்கு இல்லை, கரப்பான்கள் கிரிவலம் வருவதில்லை என்பதால் அவையும் இல்லை. இனியா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினாள். ஒரு தடவை இருநூற்றுப் பதினாலு வந்தது, இன்னொரு தடவை இருநூற்றுப் பத்தொன்பது. தங்களுடையது இல்லாத ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா இருந்தது. தங்களுடையது என்று உறுதியாக நினைத்த ஒரு கரண்டியைக் காணவில்லை. பதினோரு வருஷம் கையாண்ட சாமான்களில் எது தன்னுடையது என்று திரௌபதிக்குக் குழம்பியது. ஆபீசில் ஒரு காகிதம் தொலைந்தால் எந்த ரேக்கில் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவள் அவள். சமையலறைத் தரையில் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். அப்போது அடுத்த அறையில் விசில் சத்தம் கேட்டது.

அவள் அண்ணாந்து பார்த்தாள். சாமான் சுத்தமாகிவிட்டது, தரை சுத்தமாகிவிட்டது, சுவருக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. இந்த வீட்டில் இருந்து ஒரு தடவைகூட வெளியே போகாதது பரணில் இருந்தது மட்டும்தான்.

பரணில் இருந்தவை இனியாவின் கல்யாணச் சாமான்கள். பேர் வைத்த மாதத்திலிருந்து திரௌபதி பாத்திரச் சீட்டு போட்டு, ஒரு அண்டா, ஒரு குடம், தட்டுகள், டம்ளர்கள் என்று ஒவ்வொன்றாக வாங்கி, ஒவ்வொன்றிலும் ‘கு. இனியா’ என்று பேர் வெட்டி, பழைய செய்தித்தாளில் சுற்றி மேலே ஏற்றி வைத்திருந்தாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் கல்யாணத்தின்போது சீர் சாமான் இறங்கியதும், குமரேசனின் அக்கா வாசலில் நின்று வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள். “இவ்ளோதானா? இல்ல பின்னால இன்னொரு வண்டி வருதா?” என்று கேட்டாள். பந்தலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பதினோரு வருஷமாகத் திரௌபதி பதில் சொல்லாமல் வைத்திருந்த கேள்வி அது. பரண் நிறைய நிறைய அவளுக்குள் ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. அந்தச் செய்தித்தாள் மடிப்புகளுக்குள் ஒன்பது வருஷத் தூசியும், எலிப் புழுக்கையும், கருங்கடுகு மாதிரி கரப்பான் எச்சங்களும் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரியும் என்றும் சொல்ல முடியாது.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை அவள் இனியாவை ராஜம்மாளின் வீட்டில் விட்டுவிட்டு, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பரணில் ஏறினாள். எல்லாவற்றையும் இறக்கினாள். தாள்களைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கொளுத்தினாள். பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்து, வாசல் குழாயில் அலசி, பாதையோரத்தில் தார்ப்பாய் விரித்து வெயிலில் காய வைத்தாள். நூற்று எட்டோ நூற்றுப் பத்தோ இருந்தன. கண் கூசியது. ராஜம்மாள் கடையிலிருந்தபடியே, மலைக்குப் போட்டியா இன்னொரு தீபம் ஏத்திட்டியா என்று கேட்டாள். அன்றைக்குச் சதுர்த்தசி. ஆனால் மாலை மூன்று ஐம்பத்திரண்டுக்கு மேல் பௌர்ணமி என்று தினக் காலண்டரில் போட்டிருந்தது. காலண்டர் குழாய்க்கு நேர் எதிரே, சன்னலுக்கு உள்ளே தொங்கியது. அவள் அதைப் பார்த்தாளா, பார்க்கவில்லையா என்று பிற்பாடு அவளாலேயே சொல்ல முடியவில்லை. நாலு மணிக்குக் குளித்துவிட்டு வந்தபோது தார்ப்பாய் வெறுமையாக இருந்தது.

அவள் பதறவில்லை. காலையில் வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். பரணைத் துடைத்து, ஓரத்தில் வேப்பிலை தூவி வைத்தாள். மறுநாள் ஆறரை மணிக்குத் தோசைக்கல் வந்தது. இட்லிக் குண்டான் வந்தது, டப்பாக்கள் வந்தன, மூடிகள் வந்தன, கறுப்புப் பெட்டிகள் வந்தன. அதற்குப் பின்னால் பாதை காலியாக இருந்தது. வெயில் ஏறியது. திரௌபதி கேட்டின் கம்பியைப் பிடித்தபடி மதியம் வரைக்கும் நின்றாள். குமரேசன் வண்டியை எடுத்துக்கொண்டு பாதை முழுக்க இரண்டு தடவை சுற்றி வந்தான். ஒரு டம்ளர்கூடக் கண்ணில் படவில்லை. வண்டியில் போகிறவர்களுக்குச் சில சாமான்கள் தட்டுப்படுவதில்லை. அவன் திரும்பி வந்து, தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே பேசினான்.

“இதுங்க வரும். பொழங்கின சாமான், வூடு தெரியும். அதுங்களப் பேப்பர் சுத்தி மேலயே வச்சிருந்தியே. அதுங்களுக்கு இது யார் வூடுனு எப்படித் தெரியும்?”

 அந்த மாதம் முழுக்கத் திரௌபதி அதிகம் பேசவில்லை. துக்கம் என்றால் துக்கம் மாதிரியும் இல்லை. இருப்புப் பதிவேட்டில் இருக்கிற ஃபைல் ரேக்கில் இல்லாமல் போனால் வருகிற திகைப்பு மாதிரி இருந்தது. நாத்தனார் போன் செய்தால் எடுக்காமல் விட்டாள். இன்னொரு பக்கம், விசில் சத்தம் நின்றுபோயிருந்தது. என்றைக்கு நின்றது என்று அவளால் குறித்துச் சொல்ல முடியவில்லை. சத்தம் வந்தால் தேதி தெரியும், வராமல் போன தேதியை யார் பார்க்கிறார்கள்? இனியாவுக்கு ஆவி பிடிக்கிற மிஷின் பங்குனி முழுக்க எடுக்கப்படாமல் கிடந்தது. குமரேசன் அதை ஒரு கவரில் போட்டு, ஆகும் என்றான். டாக்டரம்மா மார்பில் கருவியை வைத்து இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, சமையலறையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அதற்கு எங்கிருந்து ஆரம்பித்துப் பதில் சொல்வது என்று திரௌபதிக்குத் தெரியவில்லை.

சித்திரைப் பௌர்ணமிக்கு மறுநாள் விடிகாலையில் அவள் ஒரு பெரிய கட்டைப்பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பாதையில் இறங்கினாள். நடந்து போனால் கண்ணில் படும் என்று ராஜம்மாள் சொல்லியிருந்தாள். நானும் வருவேன் என்று இனியா செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போய் நின்றாள். பாதி வழியில் தூக்க வேண்டி வரும் என்று குமரேசனும் வந்தான். வாயு லிங்கத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பந்தலில் முதல் டம்ளரைப் பார்த்தார்கள். ‘கு. இனியா’ என்று இருந்தது. வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் அதில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் குடித்து முடிக்கட்டும் என்று திரௌபதி நின்றாள். அதற்குள் இன்னொருவர் கை நீட்டினார், அவருக்கு அப்புறம் இரண்டு பெண்கள். குபேர லிங்கத்திடம் பூக்காரி தட்டில் மல்லிகைப் பந்து வைத்திருந்தாள். அந்தத் தட்டிலும் பேர் இருந்தது. குடம் ஒரு கடை வாசலில் தண்ணீரோடு நின்றது. எடுக்கலாம் என்று கை போகும், எப்படிக் கேட்பது என்று நின்றுவிடும். இது என் மகளுடையது என்று சொன்னால் கொடுத்துவிடுவார்கள். அதில்தான் அவளுக்குக் குழப்பமே. கட்டைப்பை இடுப்பில் குத்தியது.

டவுனைத் தாண்டிச் செங்கம் ரோட்டில் திரும்புகிற இடத்தில் அண்டா இருந்தது. அவள் வாங்கியவற்றிலேயே பெரியது அதுதான். அதில் சாம்பார் சாதம் ஆவி பறந்தது. திரௌபதி மகளைக் குனிந்து பார்த்தாள். ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் நடந்திருந்தார்கள். ஒரு மாடிப்படி ஏறினாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற பெண்.

“மூச்சு வாங்குதாம்மா?”

“இல்லம்மா. பசிக்குது.”

கரண்டி பிடித்திருந்த ஆள் ஒரு தட்டில் சாதம் வைத்துக் குழந்தையிடம் நீட்டினார். இனியா தட்டின் விளிம்பைப் பார்த்துவிட்டு, இதில் என் பேர் போட்டிருக்கிறது என்று அவரிடம் காட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார்.

“அட ஆமா. அப்போ ஒனக்குன்னுதான் வந்திருக்கு. சாப்புடு பாப்பா, சூடா இருக்கும், ஊதிச் சாப்புடு.”

இனியா ஊதினாள். நீளமாக, கன்னம் உப்ப, மறுபடி மறுபடி ஊதினாள். திரௌபதி காதைக் கொடுத்துக் கேட்டாள். காற்று போகிற சத்தம் மட்டும் இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் இனியா தட்டைக் குழாயில் கழுவி, அடுக்கின் மேல் திருப்பி வைத்துவிட்டு நடந்தாள். அடுத்த ஆள் அதை எடுத்துக்கொண்டார். திரௌபதி கட்டைப்பையை இடுப்பிலிருந்து உருவினாள், அதைப் பார்த்தாள், இன்னும் சின்னதாக மடித்து மறுபடி செருகிக்கொண்டாள். கல்யாணத்துக்கு என்ன செய்வது என்று கேட்டாள். அன்றைக்கு அவள் பேசிய இரண்டாவது வாக்கியம் அது. குமரேசன் யோசிக்கவில்லை.

“மாப்ள வூட்டுக்காரங்கள ஒரு சுத்து நடந்து வரச் சொல்லு. எல்லாச் சாமானையும் பாத்துக்குவாங்க. எங்க அக்காவையும் கூட அனுப்பு.”

திரௌபதிக்குச் சிரிப்பு வந்தது. அது வந்து சேருவதற்கு எம லிங்கம் ஆகிவிட்டது.

பத்தரை மணிக்கு வீட்டுக்கு வந்தபோது, இருநூற்றுச் சொச்சம் சாமான்களும் முன்னாலேயே வந்து கேட்டருகே நிழலில் காத்திருந்தன. அதற்கப்புறம் மாதா மாதம் அப்படித்தான். பௌர்ணமிக்கு மறுநாள் ஒரு மணி நேரம் தாமதமாக வருவதாகத் திரௌபதி ஆபீசில் எழுதிக் கொடுத்துவிடுவாள். காரணம் என்ற இடத்தில் ‘சாமான்கள் வருகை’ என்று எழுதுவாள். மேலதிகாரியும் கையெழுத்துப் போட்டுவிடுவார். பரண் காலியாகவே இருக்கிறது. ஆவி பிடிக்கிற மிஷின் மட்டும் அங்கே ஒரு மூலையில், துடைத்து வைத்தபடி இருக்கிறது. அதைத் தூக்கிப் போடலாமே என்று ஒரு தடவை குமரேசனே சொன்னான். திரௌபதி வேண்டாம் என்றாள். அது பொழங்கின சாமான்.