உயிரோடிருப்போருக்கான மன்றாட்டு

அட்டைப்பெட்டிகள் அடுக்கும் அறைக்குள் நான்கு பேர் இருந்தார்கள். பாரந்தூக்கி வண்டி ஓட்டும் பேனாட். சான்விச்சுக்கான பாண் வெட்டும் இயந்திரத்தில் நிற்கும் அம்புறோஸ். ஓடும் பெல்ட்டின் கடைசியில் நின்று சான்விச் பெட்டிகளுக்கு மூடி போடும் ஜொய்சி. வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளேயான தனுஷா. கதவுக்கு வெளியே மேற்பார்வையாளர் அருளம்பலம் நின்றார். அவர் சைவ சமயம். உள்ளே வருவதில்லை.

புலம்பெயர்ந்து வந்த ஊரான புவாண்ட்-கிளேரில் இருந்த அந்தத் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் செபம் சொல்லக்கூடாது என்று மனேஜர் தடுத்திருந்தார். அருளம்பலம்தான் இந்த அறையைக் காட்டினார். "பெல்ட் அசைய முன்னம் எல்லாரும் அவரவற்றை இடத்திலை நிக்கவேணும். இல்லாட்டி நான் ஒண்டும் செய்யேலாது" என்று அப்போதே சொல்லியிருந்தார்.

அட்டைகளை விரித்து முழந்தாளிட்டார்கள். முடி உதிராமல் போடும் தலைவலைகளைக் கழற்றவில்லை. கைகளில் வெங்காயமும் மயோனெய்சும் மணத்தன.

"மெதுவாச் சொல்லுங்கோ" என்றார் பேனாட். "மாதாவுக்குக் காது நல்லாக் கேக்கும். மனேஜருக்கும் கேக்கும்."

அம்புறோஸ் சிரித்தான். அன்று செபத்தை நடத்துவது தனுஷாவின் முறை. அவள் ஒருமுறையும் நடத்தியதில்லை.

உக்ரைனில் சண்டை தொடங்கியபோது ஆரம்பித்த வெள்ளிக்கிழமைச் செபம் அது. பிறகு சூடான் வந்தது, காசா வந்தது. ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் ஜொய்சி, "என்ரை யோசெப்புக்கும் சேத்துச் சொல்லுங்கோ" என்பாள். பேனாட் அவனைச் சிறைப்பட்டவர்களுக்குப் பின்னால், நோயாளிகளுக்கு முன்னால் வைத்துச் சொல்வார். இறந்தவர்களின் ஆன்மாக்களுக்குப் போகுமுன் மூச்சு விடுவார். அந்த வரிசையைத் தனுஷாவுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

செபமாலை முடிந்தது. குண்டுக்குப் பயந்து ஓடுகிறவர்களுக்காக, பசியில் கிடக்கும் பிள்ளைகளுக்காக, சிறைகளில் இருப்பவர்களுக்காக என்று தனுஷா தடுமாறாமல் சொல்லிக்கொண்டு போனாள். அது கார்த்திகை, இறந்த ஆன்மாக்களின் மாதம். அவள் கண்ணை இன்னும் இறுக்க மூடிக்கொண்டாள்.

"போரிலை இறந்த எல்லாருக்காகவும், என்ரை அப்பாவுக்காகவும், ஜொய்சி அன்ரியின்ரை மகன் யோசெப்புக்காகவும். நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்கு அளித்தருளும் சுவாமி."

"முடிவில்லாத வெளிச்சம் அவர்கள்மேல் பிரகாசிக்கக்கடவது" என்று மூன்று குரல்கள் பதில் சொல்லின. மூன்றாவது குரல் ஜொய்சியுடையது. சொல்லி முடித்த வாய் மூடாமல் நின்றது.

தனுஷா சிலுவை போட்டுக்கொண்டு எழும்பப் பார்த்தாள். ஜொய்சி அவள் கையைப் பிடித்தாள்.

"அவன் செத்தவன் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"அன்ரி, என்ரை அப்பாவும் அங்கைதானே சண்டையிலை செத்தவர். ரெண்டு பேரையும் சேத்துச் சொன்னா..."

"உன்ரை அப்பாவை நீங்கள் குழி வெட்டித் தாட்டனியள். நான் ஆரைத் தாட்டனான்? வட்டுவாகலிலை ஆமியிட்டைச் சரணடையேக்கை அவன்ரை சேட்டுப் பொத்தானை நான்தான் பூட்டி விட்டனான். தன்ரை காலாலை நடந்துபோய் ஆமியின்ரை பஸ்ஸிலை ஏறினவன்."

"அவள் சின்னப் பிள்ளை, ஜொய்சி. தெரியாமல் சொல்லிப்போட்டாள்" என்றார் பேனாட்.

"அவளை விடுங்கோ. நானும் பதில் சொல்லிப்போட்டன் பேனாட் அண்ணை. என்ரை வாயாலை." அவள் மீண்டும் நிமிர்ந்து முழந்தாளிட்டாள். "திருப்பிச் சொல்லுவம். உயிரோடை இருக்கிற ஆக்களோடை போட்டுச் சொல்லுவம். இருங்கோ."

இடைவேளை முடிந்த மணி அடித்தது.

அம்புறோஸ்தான் முதலில் எழும்பினான். முழங்காலில் ஒட்டிய அட்டைத் தூசைத் தட்டினான். "அக்கா, என்ரை வேலைப் பெர்மிட் இந்தக் கொம்பனியோடை கட்டிக் கிடக்கு. குறை நினையாதேங்கோ." அவன் போய்விட்டான். பேனாட், "பின்னேரம் கார்லை போகேக்கை சொல்லுவம், முழுக்கச் சொல்லுவம். இப்ப எழும்பும்" என்றார். ஜொய்சி அசையவில்லை. அவர் வாசலில் ஒருமுறை நின்றார். பிறகு வண்டியின் சத்தம் கேட்டது.

தனுஷா அழுதாள். "அன்ரி, நான் சொல்லுறன். நான் இப்பவே..." கதவைத் திறந்த அருளம்பலம், "பிள்ளை, லைனுக்குப் போ" என்றார். அவளும் போனாள்.

பெல்ட் ஓடத் தொடங்கியது. மூடி இல்லாத பெட்டிகள் கடைசியில் குவிந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே விழுந்தன. யாரோ சிவப்புப் பொத்தானை அமுக்கினார்கள். எல்லாம் நின்றது. அருளம்பலத்தின் இடுப்பிலிருந்த வோக்கி டோக்கி பிரெஞ்சில் கத்தியது.

அவர் தண்டவாளம்போல் நேராக நின்று கேட்டுவிட்டு, "வீ, வீ" என்று ஆமாப் போட்டார்.

"அக்கா, எழும்புங்கோ. மனேஜர் கமராவிலை பாத்துப்போட்டான். உங்களை வேலைக்கு அனுப்பின ஏஜென்சிக்கும் போன் அடிச்சுப்போட்டானாம்."

"என்னவாம்?"

"நாளையிலையிருந்து வரவேண்டாமாம்." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எத்தினை தரம் சொன்னனான்."

பூசை முடிந்து பீடத்துணி மடிக்கும் கப்பியாரைப்போல் அவள் அட்டைகளை மடித்து மூலையில் வைத்தாள். அருளம்பலம் அவளுடைய குளிர்ச்சட்டையை எடுத்துவந்து கொடுத்தார். பின்வாசலுக்குப் போகும் வழியில் பெல்ட் மறுபடி ஓடியது. கடைசியில், ஜொய்சியின் இடத்தில், தனுஷா மூடி போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

பின்வாசலில் அவர் கை நீட்டினார். கழுத்தில் தொங்கிய வாசல் திறக்கும் அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. படியில் இறங்கித் திரும்பி நின்றாள். தலைவலை இன்னும் தலையில் இருந்தது.

"தம்பி, ஒரு வரிதான். நான் சொல்லுறன், நீ 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' எண்டு மட்டும் சொல்லு. தனியச் சொன்னா அது மன்றாட்டு இல்லை. பதில் சொல்ல ஓராள் வேணும்."

"நான் சைவம், அக்கா."

"அவனையும் சமயம் கேட்டுக்கொண்டோ பஸ்ஸிலை ஏத்தினவங்கள்?"

அருளம்பலம் கதவின் கைபிடியை விடாமல் நின்றார். வோக்கி டோக்கி மறுபடி கரகரத்தது.

ஜொய்சி கைகளைக் குவித்தாள். "உயிரோடை இருக்கிற யோசெப்புக்காக, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்" என்றாள். பதிலுக்கு விடவேண்டிய இடைவெளியை விட்டுக் காத்து நின்றாள்.

அருளம்பலம் உள்ளே நின்றபடியே கைபிடியை விட்டார். கதவு தன் பாரத்திலேயே மெல்ல வந்து சாத்திக்கொண்டது. உள்ளே பூட்டு விழுந்தது.