லவண்டருக்கு ஊற்றிய தண்ணீர்

கோடைக்கு ஏற்காட்டுக்குக் காரேறும்போது சேலம் பங்களாவின் வெள்ளைக்காரத் துரைசானி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். இரண்டு மாதம் கழித்து வரும்போது, ஊட்டியிலிருந்து கொண்டுவந்த லவண்டர்ச் செடி உயிரோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தோட்டக்காரன் மாதையன் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். வேலை போனால் பங்களாவின் பின்னால் அவன் குடியிருக்கும் ஓட்டறையும் போய்விடும்.

அன்றிலிருந்து அவன் மனைவி பெருமாயி தினமும் போய்ச் செடியைப் பார்த்தாள். மாதையனோ அந்தச் செடிக்கு வாரம் ஒரு சொம்போடு நிறுத்திக்கொண்டான்.

"ஏனுங்க, சித்திர வெயிலு இப்பிடிக் காயுது. அதுக்குத் தண்ணி காட்ட மாட்டீங்களா?"

"தண்ணி ஆகாதுன்னு துரைசானி சொல்லியிருக்காங்க. நீ சும்மா இரு."

மழை நாட்டிலேயே பிறந்து வளர்ந்த துரைசானிக்குச் சேலத்து வெயில் என்ன தெரியும்? அவள் சொன்னாளாம், இவரும் கேட்டாராம். குடிக்க ஆகாத தோட்டக் கிணற்றில் இறைத்தாலும் நீர்மட்டம் குறைந்து மாதையனுக்குத் தெரிந்துவிடும். அதனால் குடிப்பதற்கு அரை மைல் சுமந்து வந்த தண்ணீரில் தினமும் ஒரு குடத்தை, மத்தியானம் அவன் கண்ணயரும் நேரம் பார்த்து ஊற்றினாள். மேலே காய்ந்த மண்ணைத் தூவி ஈரத்தை மறைத்தாள். மாதையன் இரண்டாவது சொம்பு கேட்டால், "இருக்கறத வெச்சுக் குடிங்க" என்று கடிந்துகொண்டாள்.

இலைகள் பழுத்தன. அவள் இரண்டு குடமாக்கினாள்.

துரைசானி திரும்பும் நாள் காலையில் மாதையன் செடியைத் தொட்டான். கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்து அழுகி நாறியது. அடிமண் சேறாகக் கிடந்தது.

"ஊத்தி ஊத்தியே கொன்னுட்டான். என்னைய வெரட்டப் பாக்கற சமையக்காரன் சுவாமிநாதன் வேலதான் இது. இன்னைக்கு அவன உடமாட்டேன்." மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

பெருமாயி அந்தச் சேற்றைக் கையில் அள்ளிப் பார்த்தாள். தண்ணீர் கொல்லுமா? அவள் பிறந்த ஊரில் ஆடு செத்தது, மாடு செத்தது, எல்லாம் தண்ணீர் இல்லாமல்தான் செத்தன. தண்ணீரால் ஒன்று சாகும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. இவர் சொன்னாரே, காதில் போட்டுக்கொள்ளவில்லையே.

சமையற்கட்டு வாசலுக்கு ஓடிப்போய் மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரில்லீங்க. நாந்தான் ஊத்துனேன். தெனமும்."

"கெணத்துல தண்ணி கொறையலியே. எங்கிருந்து ஊத்துன?"

"நாம குடிக்கறதத்தானுங்க."

மாதையன் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தான். வெளியே கார் ஹாரன் கேட்டது.

"நாந்தான் ஊத்துனேன்னு சொல்லிக்கறேன்," என்றான். "நீ போயிச் சாமானக் கட்டு. அதுக்கு முன்னால எனக்கு ஒரு சொம்பு தண்ணி கொண்டா."

பெருமாயி அறைக்குள் போய்க் குடத்தைச் சாய்த்துப் பார்த்தாள். இன்றைக்காவது செடி தெளியட்டும் என்று, இருந்த தண்ணீரை எல்லாம் விடியும் முன்பே அதற்கு ஊற்றியிருந்தாள்.