இறங்கத் தெரியாத டத்தோ

பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில், குமுதா வீட்டில் இருந்த வெள்ளைக் கொக்கட்டூக் கிளியின் பெயர் டத்தோ. கோபம் வந்தாலும் குஷி வந்தாலும் அதன் தலைக்கொண்டை விசிறிபோல் விரியும். அந்த மிடுக்குக்காக, பெரிய மனிதர்களுக்கு அரசு கொடுக்கும் பட்டத்தையே பெயராக வைத்தார்கள். கிள்ளானில் ஒரு கடையிலிருந்து, சரியாக இறகு முளைக்காத குஞ்சாக, அட்டைப்பெட்டியில் வந்தது. இப்போது டிவி ரிமோட்டில் ஒரு பொத்தான்கூட மிச்சமில்லை. விடிந்தும் விடியாமல் அது போடும் கூச்சலில் எதிர் பிளாக்கே எழுந்துவிடும். ஆனால் வேலைவிட்டு வந்த குமுதாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்து அது முனகினால், எல்லாம் அவளுக்கு மறந்துபோகும்.

கூண்டின் கொக்கியைத் திறக்க அது என்றைக்கோ கற்றுக்கொண்டதால், அவள் கணவன் விமலன் கதவுக்குப் போல்ட் போட்டான். திருடர்கள் கழற்றிவிடக் கூடாதென்று நட்டை உள்பக்கமாக வைத்து முடுக்கினான். உள்பக்கம் இருந்தது டத்தோ. கொக்கட்டூவின் அலகு இடுக்கிபோல் பிடிக்கும். தடித்த நாக்கு விரல்போல் திருப்பும். சனிக்கிழமை சாயங்காலம் குமுதா பால்கனிக்கு வந்தபோது நட்டு தரையில் கிடந்தது. கூண்டு காலி.

எதிரே, இரண்டு பிளாக்குகளுக்கும் நடுவிலிருந்த மரத்தின் உச்சியில் டத்தோ உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் காகங்கள். பங்சார் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இறகு நனைந்தால் அதனால் சரியாகப் பறக்க முடியாது. பறக்க முடியாத புதுப் பறவையை பிரிக்ஃபீல்ட்ஸ் காகங்கள் சும்மா விடுமா? மழைக்கு முன்னால் அதை எப்படியாவது பிடித்தாக வேண்டும்.

இருவரும் கீழே ஓடினார்கள். விமலன் நிலக்கடலை டின்னைக் குலுக்கி, டத்தோ டத்தோ என்று கெஞ்சினான். பழச்சாறு கடை ஜெயராஜ் கடையை விட்டு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"எந்த டத்தோ லா மரத்துல ஏறினாரு? எலெக்‌ஷன் வருதா?"

அதற்குள் கூடிவிட்ட கூட்டம் சிரித்தது. குமுதா சிரிக்கவில்லை; டத்தோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது கிளை நுனிவரை நடந்து வந்தது. கொண்டையை விரித்தது. கீழே எட்டிப் பார்த்தது. பின்வாங்கியது. மறுபடி வந்தது, மறுபடி பின்வாங்கியது. வர ஆசைதான், பாவம்.

சட்டென்று அவளுக்குப் புரிந்தது. ஏறுவதற்குச் சிறகை அடித்தால் போதும். இறங்குவது வேறு வித்தை. உடம்பைச் சாய்க்க வேண்டும், வேகத்தை அடக்க வேண்டும், காலை நீட்டி இடம் பார்க்க வேண்டும். காட்டுக் குஞ்சு இதைத் தாய் தகப்பன் பின்னால் பறந்து பறந்து பழகும். அட்டைப்பெட்டியில் வந்த குஞ்சுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? கீழே நின்று கூப்பிடக் கூப்பிட அது பயந்துகொண்டேதான் இருக்கும்.

"நீங்க குலுக்கறத நிறுத்துங்க. அதுக்கு இறங்கத் தெரியல. நான் அது உயரத்துக்குப் போறேன்" என்றாள்.

டத்தோ இருந்த உயரம் எதிர் பிளாக்கின் ஐந்தாவது மாடி. அங்கே இராஜம்மா ஆன்டி வீடு. டத்தோவின் கூச்சலைப் பற்றி நிர்வாகத்திடம் இரண்டு தடவை புகார் சொன்னவர். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்கப் படியேறி, குமுதா கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னாள். ஆன்டி ஒரு கணம் அவளை முறைத்தார். பிறகு கிரில்லைத் திறந்தார்.

"காதுக்கு நிம்மதின்னு இப்பத்தான் நெனச்சேன். சரி, வா. சீக்கிரம், மழை வருது."

பால்கனிக்கு வெளியே துணி காயும் மூங்கில் கழி நீட்டிக்கொண்டிருந்தது. ஆன்டி அவசர அவசரமாகக் கைலிகளை உருவினார். குமுதா தினமும் வீட்டுக்குள் நுழையும்போது அடிக்கும் அதே விசிலை அடித்தாள். டத்தோ தலையைத் திருப்பியது. இப்போது அவள் கீழே இல்லை, நேர் எதிரே இருந்தாள். முதல் தூறல் விழுந்தது. இன்னொரு விசில்.

டத்தோ பாய்ந்தது. காகங்கள் பின்னால் சீறின. காற்று ஒரு பக்கமாகத் தள்ள, அது தடுமாறி, கிடைமட்டமாகவே சிறகடித்து, மூங்கில் கழியில் வந்து மோதிப் பற்றிக்கொண்டது. தலைகீழாகத் தொங்கியது. அலகால் கழியைக் கவ்வி நிமிர்ந்து, குமுதாவின் கையை நோக்கி ஓரடி ஓரடியாக நடந்து வந்தது. நகம் மணிக்கட்டில் பதிந்தது. அதன் நெஞ்சு அவள் விரலடியில் படபடவென்று அடித்தது.

மழை கொட்டியது. உள்ளே இராஜம்மா ஆன்டி துண்டோடு நின்றார்.

"எங்க தொடச்சா கடிக்காது, சொல்லு."