கதிரடி மிஷின் வந்த நாள்

அம்மாவின் கதையைப் படமாக எடுக்கிறேன் என்று டைரக்டர் வந்து நின்றபோது முதலில் தலையாட்டியது நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கடல் தாண்டி அறுவடைக் கூலிக்கு வந்த பெண்ணை இந்த ஊர் விவசாயி ஒருவர் கட்டிக்கொண்டார். அவர்தான் என் அப்பா. அறுப்பில் அவள் எந்த வரிசை பிடித்தாலும் பக்கத்து வரிசையை இவர் பிடிப்பாராம். காதல் என்றால் அவ்வளவுதான். ஊருக்குப் பொறுக்கவில்லை. அவள் நிறமும் ஆகவில்லை, பேச்சும் ஆகவில்லை.

அப்போது ஊருக்கே ஒரு கதிரடிக்கும் மிஷின்தான். மிஷின்காரர் அதை முறை வைத்து வீடு வீடாக ஓட்டி வருவார். எந்தக் களத்தில் நிற்கிறதோ அங்கே ஊரே போய்க் கை கொடுக்கும், அந்த வீட்டில் அத்தனை பேருக்கும் சாப்பாடு. கல்யாணமான வருஷம் அப்பா எல்லார் களத்திலும் மாடாய் உழைத்தார். எங்கள் முறை வந்த அன்று அம்மா ஐம்பது பேருக்குச் சமைத்து வைத்துவிட்டு வாசலில் நின்றாள். மிஷின் வந்தது, எங்கள் கேட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனது. ஊரும் அதன் பின்னாலேயே போனது. இரண்டு பேருமாகக் கையாலேயே கதிரடித்தார்கள். மழை வந்து பாதி கதிர் முளைவிட்டது. அந்த மழையில் பிடித்த இருமல் அப்பாவைக் கடைசிவரை விடவில்லை.

நேற்றுவரை படத்தில் இந்தக் காட்சி இருந்தது. நேற்று சாயங்காலம் டைரக்டர் நெளிந்துகொண்டே வந்து மாற்றிவிட்டதாகச் சொன்னார். அந்தப் பழைய மிஷின் இன்னும் மிஷின்காரர் மகனிடம்தான் இருக்கிறது. தன் அப்பாவைக் கெட்டவராகக் காட்டினால் மிஷின் கிடையாது என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டாராம். அதனால் மிஷின் எங்கள் களத்துக்குள் வருமாம், ஊரே திரண்டு வந்து அம்மாவைக் கட்டிக்கொள்ளுமாம். கூட்டமாக நடிக்கப்போவதும் இதே ஊர்க்காரர்கள்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்யாத புண்ணியத்துக்கு மாலை போட்டுக்கொள்ள எப்படித்தான் கூசாமல் கழுத்தை நீட்டுகிறார்களோ.

அம்மா கத்தவில்லை. ராத்திரி சாப்பிடும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மிஷின் வந்துச்சுன்னு காட்டிட்டா, உங்கப்பா வீம்புக்கா கையால அடிச்சாருன்னு ஆயிடாது?"

நான் எழுந்துபோய்க் கேட்டுப் பூட்டைத் தேடி எடுத்தேன்.

காலையில் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பழைய காலத்து உடுப்பில் ஐம்பது பேர் வந்தார்கள். முன்னால் டிராக்டரில் மிஷின்காரர் மகன், பின்னால் மிஷின். டைரக்டர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். நடந்ததை எடுங்கள், இல்லாவிட்டால் மூட்டை கட்டுங்கள் என்றேன்.

மிஷின்காரர் மகன் இறங்கி வந்தார். தன் அப்பாவைப் பற்றிப் படத்தில் நாலு நல்ல வார்த்தை வருவதில் எனக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். உங்கள் அப்பா அன்றைக்கு நிற்கவில்லையே, அதுதான் நஷ்டம் என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"உங்கப்பன் ஊர்ப் பொண்ணா பாத்துக் கட்டியிருந்தா யாரு நிக்காம போயிருப்பா? வாங்கப்பா போலாம். இந்த வீட்டு சங்காத்தமே வேணாம்."

ஏறி உட்கார்ந்து டிராக்டரைக் கிளப்பினார். மிஷின் எங்கள் கேட்டைத் தாண்டியது. ஐம்பது பேரும் பின்னாலேயே போனார்கள். தினமும் அம்மாவிடம் கீரை வாங்கிப் போகிற கடைக்காரி தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கேமராக்காரர் கேமராவை நிறுத்தவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. டைரக்டர் அதில் பதிவானதை ஓட்டிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அம்மாவிடம் ஓடி வந்து, அப்படியே தத்ரூபமாக வந்திருக்கிறது என்றார். ஓர் ஓரத்தில் வெளிச்சம்தான் கொஞ்சம் குறைவாம். எப்படியாவது பேசி, அவர்களை இன்னொரு தடவை நடந்து போகச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

அம்மா கேட்டுக்கு வெளியே அடங்காத புழுதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு தடவ போயாச்சு தம்பி," என்றாள். "போதும்."