ஓரன் வரைந்த துறைமுகம்

போன வருடத்து நாடக மேடைத் தட்டிகளை யாரும் தூக்கி எறிவதில்லை. கிளேர் மாவட்டத்து அந்தப் பள்ளியில் ஒவ்வொரு வசந்தத்திலும் இசை நாடகம் உண்டு. பழைய படத்தின்மேல் வெள்ளையடித்து, இந்த வருடத்து வீதியையோ காட்டையோ பிள்ளைகள் வரைவார்கள். மரச்சட்டத்தில் துணியை இழுத்து அடித்த ஒவ்வொரு தட்டிக்குள்ளும் பத்து நாடகமாவது புதைந்து கிடக்கும்.

அப்படி ஒரு தட்டியில்தான் போன வசந்தத்தில், அதே பள்ளியில் படிக்கும் கிளியோனாவின் அண்ணன் ஓரன் துறைமுகம் வரைந்திருந்தான். நாடகம் மூன்று நாள் நடந்தது. அப்பா மார்ட்டின் ஒரு நாள்கூடப் போகவில்லை. பசுக்கள் கன்று போடுகிற மாதம். "நாளைக்குப் பாத்துக்கலாம்டா" என்றே மூன்று நாளையும் ஓட்டிவிட்டார். ஆகஸ்டில் ஒருநாள், வேலியைப் பார்த்துவிட்டு வா என்று அவர்தான் அனுப்பினார். சரிவில் நாலு சக்கர பைக் கவிழ்ந்து ஓரன் செத்துப்போனான். பதினாறு வயது.

அதற்குப் பிறகு அந்த மனிதர் வாயைத் திறந்து எதையும் கேட்டதில்லை. கேட்டது இது ஒன்றுதான்.

"கண்ணு, அவன் வரைஞ்சது இன்னும் ஸ்கூல்ல இருக்கா?"

"இருக்குப்பா. திங்கக்கிழமைதான் வெள்ளையடிக்கிறோம். சனிக்கிழமை கூட்டிட்டுப் போறேன். டீச்சர்கிட்ட கேட்டு வீட்டுக்கே கொண்டாந்துடலாம்."

பள்ளியில் யாரிடமும் கிளியோனா சொல்லிவைக்கவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம்.

சனிக்கிழமை அப்பா முகம் மழித்து, மகனின் அடக்கப் பூசைக்குப் போட்ட கறுப்புக் கோட்டோடு கிளம்பினார். அரங்கத்துக்குள் நுழைந்ததுமே பெயிண்ட் வாடை. ஓரனின் உயிர்த் தோழன் லோர்கன் கையில் ரோலரோடு நின்றான். எட்டுத் தட்டியும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"டேய், என்னடா பண்ணித் தொலைச்சே?" என்று கத்தினாள் கிளியோனா.

"திங்கக்கிழமை அதைப் பாத்து அழுவியேன்னுதான்... உன் கையால அடிக்க வைக்கக் கூடாதுன்னு, நானே வந்து முடிச்சிட்டேன்."

"உன்னை யாருடா கேட்டா? எருமை! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"எது அவனோடது?" என்றார் அப்பா.

லோர்கன் மூன்றாவதைக் காட்டினான். அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பாவம், முகம் செத்துப்போயிற்று.

அப்பா கிட்டே போய்த் தொட்டார். ஈரம். சட்டென்று கோட்டுக் கையால் துடைக்க ஆரம்பித்தார். வெள்ளை விலகி நீலம் தெரிந்தது. ஒரு படகின் விளிம்பு தெரிந்தது.

"இருக்கு! இருக்கு கண்ணு!"

"வேணாம்ப்பா, அது தண்ணிப் பெயிண்ட்! கரைஞ்சிடும்பா!"

அவர் காதில் விழவே இல்லை. தேய்க்கத் தேய்க்க அடியில் இருந்ததும் கரைந்தது. கடலும் படகும் குழம்பி, சேற்றுத் தண்ணீராய்த் தரையில் சொட்டின. அதற்குப் பிறகுதான் கையை எடுத்தார்.

லோர்கன் விம்மி விம்மி அழுதான்.

"அழாதப்பா. நல்லதுன்னுதானே செஞ்சே," என்றார் அவர். பிறகு கேட்டார்: "நாடகத்தப்போ அவன் என்னைத் தேடினானா?"

"இல்லையே," என்றான் லோர்கன், கேட்ட மாத்திரத்தில்.

மூன்று நாளும் திரைச்சீலை இடுக்கில் கண்ணை வைத்து ஓரன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததை அவனும் கிளியோனாவும் பார்த்திருந்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரோலரைக் குடு," என்றார் அப்பா. "இப்படி விட்டுட்டுப் போக முடியாது."

தான் கலைத்த இடத்தின்மேல் அவரே வெள்ளையடித்தார்.